சோல்-ஜெல் முறை: முதல் ஜெல்லை உடையாமல் உலர்த்துவது வரை

ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் முதுகலை மாணவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை ஒன்றுதான். மணலில் இருக்கும் அதே சிலிக்காவில் செய்த ஒரு துண்டு ஜெல்லை வெடிப்பு விழாமல் உலர்த்திக் காட்ட வேண்டும். கேட்பதற்குச் சுலபமாகத் தோன்றும். சில திரவங்களைக் கலக்க ஒரு மணி நேரம் போதும், கட்டியாக இன்னும் கொஞ்ச நேரம். அதோடு முடிந்தது என்று நினைத்து மூடியைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மறுநாள் காலையில் பாத்திரத்தில் நொறுங்கிய கண்ணாடிச் சில்லுகள்போல ஏதோ கிடக்கும். நானும் என் முதல் ஜெல்லை அப்படித்தான் இழந்தேன். சீக்கிரம் உலரட்டும் என்று மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

திரவத்துக்குள்ளேயே ஒரு திட வலையை வளர்த்து, பிறகு அதை உலர்த்தி எடுப்பதுதான் சோல்-ஜெல் முறை. இந்த வேலையில் வேதியியல் ஒரு நாளில் முடிந்துவிடும். மீதி மூன்று வாரமும் திரவத்தை வெளியே அனுப்பும் வேலைதான். பெரும்பாலான செய்முறைக் குறிப்புகள் கலக்கும் அளவுகளை வரிவரியாகச் சொல்லிவிட்டு, "பிறகு உலர்த்தவும்" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கின்றன. அதனால் இங்கே நான் உலர்த்துவதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

திரவம் எப்படித் திடமாகிறது

தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாவதும் உப்புக் கரைசல் வற்றி உப்புப் படிவதும் நமக்குத் தெரிந்தவை. சோல்-ஜெல் இந்த இரண்டிலும் சேராது. இங்கே எதுவும் குளிர்வதில்லை, எதுவும் ஆவியாகத் தேவையில்லை. மூடிய பாத்திரத்துக்குள், அறை வெப்பநிலையில், திரவத்துக்குள்ளேயே ஒரு திடம் வளர்கிறது.

சிலிக்காவை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் கற்றுக்கொள்ள அதைவிடப் பொறுமையான பொருள் இல்லை. தொடக்கப் பொருள் டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிக்கேட். ஆய்வகங்களில் டி.இ.ஓ.எஸ். என்பார்கள். தண்ணீர்போலத் தெளிவான திரவம். அதன் மூலக்கூறில் நடுவில் ஒரு சிலிக்கான் அணு, அதற்கு நான்கு கைகள், ஒவ்வொரு கையிலும் ஓர் எத்தாக்சி தொகுதி. தண்ணீர் சேர்த்தால் எத்தாக்சி ஒவ்வொன்றாக எத்தனாலாகப் பிரிந்து போய், அந்த இடத்தில் ஹைட்ராக்சில் வந்து உட்காரும். இது நீராற்பகுத்தல். இரண்டு மூலக்கூறுகளின் ஹைட்ராக்சில்கள் சந்தித்தால் ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறி, சிலிக்கான்-ஆக்சிஜன்-சிலிக்கான் என்ற பாலம் உருவாகும். இது குறுக்க வினை. ஒவ்வொரு சிலிக்கானுக்கும் நான்கு கைகள் இருப்பதால் பாலங்கள் ஒரே வரிசையில் நிற்காது, எல்லாத் திசையிலும் கிளைக்கும்.

சில நானோமீட்டர் அளவுள்ள துகள்களும் கிளைகளும் திரவத்தில் மிதந்துகொண்டிருக்கும் நிலைதான் சோல். பாடப்புத்தகத்தில் கூழ்மக் கரைசல் என்று படித்தது இதுதான். கண்ணுக்கு இன்னும் திரவம், ஊற்றினால் ஓடும். அந்தக் கிளைகள் ஒன்றோடொன்று கோத்து, பாத்திரத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை ஒரே வலையாகிவிட்ட நொடியில் அது ஜெல். உள்ளே இருந்த திரவம் எங்கும் போகவில்லை, வலைக்குள் அகப்பட்டுக்கொண்டிருக்கிறது. கீழே தரப்போகும் அளவுகளில் செய்தால் சுமார் 22 கிராம் ஜெல் கிடைக்கும். அதில் சிலிக்கா 2.7 கிராம்தான், மற்றதெல்லாம் எத்தனாலும் தண்ணீரும். நுங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பகுதி தண்ணீர், ஆனாலும் உருவம் கலையாமல் நிற்கிறது. ஜெல்லும் அப்படித்தான்.

இதை முதலில் கவனித்து எழுதியவர் பிரெஞ்சு வேதியியலாளர் எபெல்மென். 1840-களின் நடுவில் அவர் சிலிக்கான் டெட்ராகுளோரைடையும் ஆல்கஹாலையும் சேர்த்துச் செய்த திரவம், ஈரக்காற்றில் இருந்து மெல்ல மெல்லக் கண்ணாடிபோல இறுகியது. பின்னாளில் செவ்ரு பீங்கான் தொழிற்சாலையை நிர்வகித்த மனிதர் அவர். உலையில்லாமல் பிறந்த கண்ணாடி அவர் கண்ணுக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. மணலை உருக்க வேண்டுமென்றால் சுமார் 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். இங்கே ஒரு மூடிய குப்பியும் பொறுமையும் போதும்.

வேலை தொடங்குமுன்

டி.இ.ஓ.எஸ். விலை கூடியது. அதைத் தொடுமுன் வாட்டர் கிளாஸ் எனப்படும் சோடியம் சிலிக்கேட் கரைசலில் ஒருமுறை கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, கலக்கிக்கொண்டே வினிகரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் சில நொடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் கட்டியாகிவிடும். காரத்தன்மை அதிகம் என்பதால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். புதுச் செருப்புப் பெட்டியிலும் மாத்திரைக் குப்பியிலும் வரும் சிறு பொட்டலத்துக்குள் இருப்பது இதே பொருள்தான். சோடியம் சிலிக்கேட்டும் அமிலமும் சேர்த்து, உப்பைக் கழுவி, உலர்த்திய சிலிக்கா ஜெல். வார்ப்பாலைகளில் மணலோடு சோடியம் சிலிக்கேட்டைப் பிசைந்து, கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி அச்சை இறுக்குவார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னதுமே புரிந்துவிடும். அங்கேயும் மணலைப் பிடித்துக்கொள்வது ஒரு சிலிக்கா ஜெல்தான்.

இனி உண்மையான வேலைக்கு வருவோம். தேவையானவை: டி.இ.ஓ.எஸ்., தனி எத்தனால் (தண்ணீர் கலவாதது), 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 0.5 மோலார் அம்மோனியா, வாலை வடிநீர், காந்தக் கலக்கி, இறுக்கமாக மூடும் பாலிபுரோப்பிலீன் குப்பிகள். குப்பி பிளாஸ்டிக்காக இருப்பது முக்கியம். கண்ணாடிக் குப்பியில் ஊற்றினால் ஜெல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு சுருங்கும்போது சுவர் விடாது, ஜெல் கிழியும்.

எத்தனாலைப் பற்றி ஒரு வார்த்தை. 95 சதவீத எத்தனாலில் மீதி தண்ணீர். 10 மி.லி. ஊற்றினால் அரை மி.லி. தண்ணீரும் கூடவே போகிறது என்று கணக்கில் வையுங்கள். நிறமேற்றிய ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம், அதில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று தெரியாது.

ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைக் கூண்டுக்குள்தான் வேலை. டி.இ.ஓ.எஸ். ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும், எத்தனால் எளிதில் தீப்பற்றும். சில செய்முறைகளில் டெட்ராமெத்தில் ஆர்த்தோசிலிக்கேட் என்ற நெருங்கிய உறவுப் பொருளைச் சொல்லியிருப்பார்கள். அது வேகமாக வினைபுரியும், அதனால் ஆசை வரும். ஆனால் அதன் ஆவி கண்ணின் கருவிழிப் படலத்திலேயே வினைபுரிந்து பார்வையைப் பறிக்கக்கூடியது. புதியவர்கள் அதைத் தொடவே கூடாது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை வினையூக்கியாகச் சொல்லும் குறிப்புகளையும் அப்படியே மூடி வைத்துவிடுங்கள். இந்த இரண்டிலும் நான் சலுகை காட்டுவதில்லை.

கலத்தல்

ஒரு குப்பியில் 10 மி.லி. டி.இ.ஓ.எஸ்., 10 மி.லி. எத்தனால் ஊற்றிக் கலக்கியில் வையுங்கள். டி.இ.ஓ.எஸ். தண்ணீரோடு கலக்காது, எண்ணெய்போல மிதக்கும். இரண்டையும் சேர்த்து வைக்கும் இடைத்தரகர்தான் எத்தனால். இப்போது 4 மி.லி. அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். முதலில் கலங்கலாகத் தெரியலாம். மூடியைப் போட்டுக் கலக்கியை ஓடவிட்டால் சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். குப்பியைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். நீராற்பகுத்தல் நடக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஒரு மணி நேரம் கலக்கி ஓடட்டும்.

ஏன் 4 மி.லி.? 10 மி.லி. டி.இ.ஓ.எஸ்.-இல் சுமார் 0.045 மோல் இருக்கிறது, 4 மி.லி. தண்ணீரில் சுமார் 0.22 மோல். அதாவது ஒரு சிலிக்கானுக்கு ஐந்து தண்ணீர் மூலக்கூறு. நான்கு கைகளையும் விடுவிக்க நான்கு போதும், பாலம் கட்டும்போது தண்ணீர் திரும்பியும் வரும், ஆகவே கணக்குப்படி இரண்டே போதும். ஆனால் வேலை தயங்காமல் நடக்கக் கொஞ்சம் கூடுதலாக வைப்பது நல்லது. இந்த விகிதத்தை நோட்டில் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எது மாறினாலும் நீங்கள் திரும்பிப் பார்க்கப்போகும் எண் அதுதான்.

அமிலத்தை ஏன் முதலில் சேர்க்கிறோம், அம்மோனியாவை ஏன் பிறகு? அமிலத்தில் நீராற்பகுத்தல் விரைவாக நடக்கும், குறுக்க வினை சோம்பலாக நடக்கும். பி.எச். 2-ஐ ஒட்டிச் சிலிக்கா சோல் மிக நிதானமாக இருக்கும். அந்த நிலையில் மெல்லிய, அதிகம் கிளைக்காத சங்கிலிகள் வளரும். அமிலத்திலேயே விட்டால் ஜெல் ஆக நாள்கணக்கில் ஆகும். கிடைப்பது தெளிவாக இருக்கும், ஆனால் துளைகள் மிகச் சிறியவை. காரத்தில் கதை தலைகீழ். குறுக்க வினை முந்திக்கொள்ளும், துகள்கள் உருண்டு திரண்டு கொத்துக் கொத்தாகச் சேரும், துளைகள் பெரிதாகும். 1968-இல் ஸ்டோபர், ஃபிங்க், போன் மூவரும் அம்மோனியாவை மட்டும் பயன்படுத்தி, ஆல்கஹால் மிகுந்த கரைசலில் ஒரே அளவுள்ள சிலிக்கா உருண்டைகளைச் செய்து காட்டினார்கள். அங்கே ஜெல் ஆகவே இல்லை, பால்போல வெண்மையான சோல்தான். ஒரே மூலப்பொருள்தான், பி.எச். மாறினால் வேறு பொருள். துளை சிறிதா பெரிதா என்பதுதான் பிறகு உலர்த்தும்போது உங்கள் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் இரண்டு படிகள்.

ஒரு மணி நேரம் கழிந்ததும் அம்மோனியாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக, மொத்தம் 1 மி.லி. வரை சேருங்கள். கலக்கி வேகமாக ஓட வேண்டும், இல்லையென்றால் சொட்டு விழுந்த இடத்திலேயே வெள்ளைக் கட்டி தோன்றும். சேர்த்து முடித்த கையோடு அச்சுக் குப்பிகளில் ஊற்றி மூடிவிடுங்கள். இங்கே தாமதித்தால் கலக்கிக் குப்பியிலேயே இறுகிவிடும்.

மிச்சமான சோல் திரவத்தைக் கழுவுத்தொட்டியில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் போய் ஜெல் ஆகும். அதை எடுப்பது பெரிய பாடு. கழிவுக் குப்பியில் சேர்த்து வையுங்கள்.

ஜெல் ஆகும் தருணம்

சில நிமிடங்களிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரம் வரை ஆகலாம். சோதிப்பதற்குக் கருவி வேண்டாம். குப்பியைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். மேற்பரப்பு சாயாமல் அப்படியே நின்றால் ஜெல் ஆகிவிட்டது. அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே அளவில் செய்து நேரம் வெகுவாக மாறினால் எங்கேயோ அளவு பிசகியிருக்கிறது, அல்லது அறை சூடாக இருந்திருக்கிறது. மே மாதமும் டிசம்பரும் ஒரே நேரத்தைத் தராது.

பலர் இங்கே ஒரு தவறான எண்ணத்துக்குப் போகிறார்கள். ஜெல் ஆனதும் வினை முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அந்த நொடியில் வேதியியலில் விசேஷமாக எதுவும் நடப்பதில்லை. கடைசியாக ஒரு பாலம் விழுந்து, தனித்தனிக் கொத்துகள் ஒன்றாகிவிட்டன, அவ்வளவுதான். இன்னும் எத்தனையோ கைகள் சும்மா நீட்டிக்கொண்டிருக்கின்றன. இப்போது ஜெல்லின் பலம் இளந்தயிரின் பலம்தான்.

முதிரவிடுதல்

அதனால் மூடியைத் திறக்காமல் முதிரவிட வேண்டும். 50 டிகிரி அடுப்பில் இரண்டு நாள், அல்லது அறை வெப்பநிலையில் ஒரு வாரம். இந்த நேரத்தில் மீதிப் பாலங்கள் விழுகின்றன. துகளும் துகளும் சந்திக்கும் கழுத்துப் பகுதியில் சிலிக்கா கரைந்து வந்து படிந்து தடிக்கிறது. வலை தன்னைத் தானே இறுக்கிக்கொண்டு கொஞ்சம் திரவத்தை வெளியே தள்ளும். தயிர்ச் சட்டியின் ஓரத்தில் இரண்டாம் நாள் தண்ணீர் விட்டிருக்குமே, அதேதான். ஜெல் சுவரிலிருந்து விலகி, சுற்றிலும் ஒரு மெல்லிய திரவ வளையம் தெரிந்தால் மகிழுங்கள், ஒழுங்காக முதிர்கிறது. அந்தத் திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள். ஜெல் எப்போதும் மூழ்கியே இருக்க வேண்டும்.

பிறகு திரவத்தை மாற்றுங்கள். ஜெல்லைப் பத்து மடங்கு எத்தனாலில் மூழ்கவைத்து, நாளுக்கு ஒருமுறை பழையதை ஊற்றிவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். மூன்று நான்கு முறை போதும். உள்ளே இருந்த தண்ணீரும், அமிலமும் அம்மோனியாவும் சேர்ந்த உப்பும் வெளியே வந்துவிடும். ஜெல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வேறு திரவத்தால் மாற்றலாம், வலை கலையாது என்று 1860-களிலேயே காட்டியவர் தாமஸ் கிரஹாம். கூழ்மங்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை வைத்தவரும் அவர்தான்.

உலர்த்துதல்

ஏன் உடைகிறது என்று புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. ஜெல்லின் துளைக்குள் திரவம் வற்றத் தொடங்கும்போது, துளையின் வாயில் திரவத்தின் மேற்பரப்பு குழிந்து வளைகிறது. பரப்பு இழுவிசை அந்த வளைவின் வழியாகத் துளைச் சுவர்களை உள்ளே இழுக்கிறது. எவ்வளவு இழுக்கும்? பரப்பு இழுவிசையை இரண்டால் பெருக்கித் துளையின் ஆரத்தால் வகுங்கள். தண்ணீருக்குப் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். துளையின் ஆரம் 2 நானோமீட்டர் என்றால் விடை 72 மெகாபாஸ்கல், அதாவது காற்றுமண்டல அழுத்தத்தைப் போல சுமார் 700 மடங்கு. இளந்தயிர் பலமுள்ள ஒரு வலையை இப்படி இழுத்தால் என்ன ஆகும்? எத்தனாலாக இருந்தால் இழுவிசை 0.022 தான், அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிடும். துளையைப் பெரிதாக்கினால் இன்னும் இறங்கும். நாம் அம்மோனியா சேர்த்தது, முதிரவிட்டது, எத்தனாலுக்கு மாற்றியது எல்லாமே இந்த ஒரு வகுத்தல் கணக்குக்காகத்தான்.

இழுவிசை மட்டும் ஜெல்லை உடைப்பதில்லை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சுருங்கினால் ஜெல் தாங்கிக்கொள்ளும். மேற்பரப்பு வேகமாகக் காய்ந்து சுருங்க, உள்ளே இன்னும் ஈரம் நிறைந்து சுருங்காமல் இருந்தால்தான் தோல் கிழிகிறது. கோடையில் ஏரியின் அடிமண் பாளம் பாளமாக வெடிப்பதும் இதனால்தான். ஆகவே, உள்ளிருந்து திரவம் மேலே வந்து சேரும் வேகத்தைவிட, மேலிருந்து ஆவியாகும் வேகம் எப்போதும் குறைவாகவே இருக்க வேண்டும். உலர்த்தும் கலை முழுவதும் இந்த ஒரு விதியில் அடங்கும்.

செய்வது இப்படி. எத்தனாலில் இருந்து ஜெல்லை அது மூழ்கும் அளவுத் திரவத்தோடு பாலிபுரோப்பிலீன் தட்டில் வையுங்கள். அலுமினியத் தாளால் மூடி ஓரங்களை அழுத்திவிடுங்கள். குண்டூசியால் மூன்று துளை போடுங்கள், மூன்றே மூன்று. காற்றோட்டம் இல்லாத அலமாரிக்குள் வைத்து, மின்விசிறிக்கும் ஏ.சி.க்கும் தூரமாக விட்டுவிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் தட்டோடு எடைபோட்டு நோட்டில் எழுதுங்கள். எடை ஒரே சீராகக் குறைந்துகொண்டே வரும். விரற்கடைக்கும் குறைவான தடிமனுள்ள துண்டுக்கு இப்படி ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம்.

இந்தக் காலத்தில் ஜெல் உங்கள் கண்ணெதிரே சுருங்கும். நீளம் பாதிக்கு அருகில் வந்துவிடும், கன அளவு எட்டில் ஒரு பங்காகலாம். பயப்பட வேண்டாம். ஒரு கட்டத்தில் சுருங்குவது நின்றுவிடும். இனி வலை விட்டுக்கொடுக்காது, திரவத்தின் மேற்பரப்பு துளைக்குள் இறங்கத் தொடங்கும். ஜெல் வெண்மையாகவோ மங்கலாகவோ மாறுவதைப் பார்க்கலாம். இழுவிசை உச்சத்தில் இருக்கும் நேரம் இது. பெரும்பாலான வெடிப்புகள் இங்கேதான் விழுகின்றன. இந்தக் கட்டத்தில் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். அழகாக வந்துகொண்டிருந்த துண்டுகளை ஒரு படம் எடுப்பதற்காகத் திறந்து இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மங்கல் உள்ளே வரை பரவி மறைந்து, எடை இரண்டு நாள் மாறாமல் நின்றால் அடுப்புக்கு மாற்றலாம். 40 டிகிரியில் ஒரு நாள், 60-இல் ஒரு நாள், 80-இல் ஒரு நாள். இப்போது உங்கள் கையில் இருப்பது சீரோஜெல். கடினமான, எடை குறைந்த, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த கண்ணாடித் துண்டு. சுண்டினால் மெல்லிய ஓசை வரும்.

உடைந்துபோனால்? சில்லுகளைத் தூக்கி எறியாதீர்கள், எப்படி உடைந்தது என்று பாருங்கள். மேற்பரப்பில் வலைபோல நுண்வெடிப்பு என்றால் ஆவியாகும் வேகம் அதிகம், மூடியில் போடும் குண்டூசித் துளையைக் குறையுங்கள். இரண்டு மூன்று பெரிய துண்டாகப் பிளந்திருந்தால் பெரும்பாலும் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, தட்டை மாற்றுங்கள். முழுவதும் பொடியாகக் கிடந்தால் முதிர்ச்சி போதவில்லை, அல்லது துளைகள் மிகச் சிறியவை. இன்னும் நாலு நாள் முதிரவிட்டு மறுபடி முயலுங்கள்.

சூடாக்குதல்

எல்லாருக்கும் இது தேவைப்படாது. வினையூக்கியைத் தாங்கும் பொருளாகவோ ஈரம் உறிஞ்சவோ என்றால் சீரோஜெல்லே போதும். உறுதியான கண்ணாடி வேண்டுமென்றால் மட்டும் உலை. நிமிடத்துக்கு 1 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். 150 டிகிரி வரை ஒட்டிக்கொண்டிருக்கும் தண்ணீரும் ஆல்கஹாலும் வெளியேறும். 250-க்கும் 500-க்கும் நடுவே மீதி எத்தாக்சி தொகுதிகள் எரியும். காற்று போதாமலோ அவசரப்பட்டோ இந்தப் பகுதியைக் கடந்தால் துண்டு கறுத்துவிடும், அந்தக் கரியைப் பிறகு எடுக்க முடியாது. 1,000 டிகிரியை நெருங்கும்போது துளைகள் மூடிக்கொள்ளத் தொடங்கும்.

கூழ்வடகம் போட்டவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அரிசிக் கூழை வெயிலில் எத்தனை நாள் காயவைத்தாலும் கொஞ்சம் ஈரம் உள்ளே தங்கியிருக்கும். எண்ணெயில் போட்டதும் அது நீராவியாகி வடகம் பொரிகிறது. வடகத்துக்கு அது நல்லது. துளை மூடிய பிறகும் உள்ளே ஹைட்ராக்சில் மிச்சமிருக்கும் ஜெல்லுக்கு அதுவே ஆபத்து. வேகமாகச் சூடாக்கினால் அதுவும் உப்பிப்போகும்.

படலமாகப் பூசுதல்

முழுத் துண்டு செய்வது பயிற்சிக்கு. தொழிலில் சோல்-ஜெல் அதிகம் உழைப்பது மெல்லிய படலமாகத்தான். 1930-களின் இறுதியிலேயே ஜெர்மனியின் யேனாவில் ஷாட் கண்ணாடி நிறுவனத்தில் கெஃப்கென், பெர்கர் இருவரும் கண்ணாடியைச் சோலில் முக்கி எடுத்து ஆக்சைடுப் படலம் போடுவதற்குக் காப்புரிமை பெற்றார்கள். பிளாஸ்டிக் மூக்குக்கண்ணாடியில் கீறல் விழாமல் இருக்கப் போடும் கடினப் பூச்சு இந்த வழியில் வந்ததுதான். சூரிய மின்தகட்டின் கண்ணாடியில் ஒளி திரும்பாமல் இருக்கப் போடும் பூச்சும் அப்படியே. சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. 100 நானோமீட்டரைச் சற்றே தாண்டிய, துளைகள் நிறைந்த சிலிக்காப் படலம் அதில் பெரும்பகுதியை உள்ளே அனுப்பிவிடும். இந்தியாவில் ஐதராபாத்தில் உள்ள ஏ.ஆர்.சி.ஐ. என்ற பொருளறிவியல் ஆய்வு நிறுவனம் சோல்-ஜெல் பூச்சுகளுக்கென்றே தனி மையம் வைத்திருக்கிறது.

படலத்தில் உலர்த்தும் தொல்லை குறைவு. திரவம் வெளியேற வேண்டிய தூரம் ஒரு மயிரிழையைவிடக் குறைவு, சில நொடிகளில் காய்ந்துவிடும். அம்மோனியா சேர்க்காத அமிலச் சோலை எடுத்து, அதே அளவு எத்தனால் சேர்த்து நீர்க்கவையுங்கள். கண்ணாடித் தகட்டைச் சோப்பு, தண்ணீர், எத்தனால் என்று கழுவுங்கள். சுத்தமா என்று தெரிய, தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது, விரிந்து ஒரே தாளாக ஓடினால் சரி. தகட்டைச் சோலில் முக்கி, நொடிக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர் வேகத்தில் நடுங்காமல் மேலே இழுங்கள். வேகமாக இழுத்தால் படலம் தடிக்கும். பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் மெதுவாக இழுத்தால் சோல் கீழே வடிய நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான். 100 டிகிரியில் சிறிது நேரம் காயவைத்து, 450 டிகிரியில் அரை மணி நேரம்.

தடிமன் அரை மைக்ரோமீட்டரைத் தாண்டினால் வெடிப்பு விழ ஆரம்பிக்கும். தடித்த படலம் வேண்டுமானால் ஒவ்வொன்றாகச் சுட்டுச் சுட்டுப் பல முறை பூசுங்கள்.

டைட்டானியா, அதாவது டைட்டானியம் டை ஆக்சைடுப் படலம் போட விரும்புவோர் ஒன்றை நினைவில் வையுங்கள். அதன் தொடக்கப் பொருளான டைட்டானியம் ஐசோபுரோப்பாக்சைடு டி.இ.ஓ.எஸ். போலப் பொறுமைசாலி இல்லை. தண்ணீர் பட்டதும் வெள்ளை வெளேரென்று திரிந்துவிடும். மழைக்காலத்தில் குப்பியைத் திறந்தாலே கழுத்தில் வெள்ளைப் பொருக்குக் கட்டும். முதலில் அசெட்டைல்அசெட்டோனைச் சேர்த்துச் சில கைகளைக் கட்டிப்போட்டுவிட்டு, அப்புறம்தான் தண்ணீரைக் காட்ட வேண்டும். சோல் மஞ்சளாகும், அது இயல்பு. சிலிக்காப் படலம் கண்ணாடியோடு கலந்து கண்ணுக்குத் தெரியாது. டைட்டானியா மயில் கழுத்துபோல நிறம் காட்டும். ஒரே நிறமாக வந்தால் தடிமன் சீராக இருக்கிறது என்று பொருள்.

சுருங்காமலே உலர்த்த முடியுமா

முடியும். திரவத்துக்கு மேற்பரப்பே இல்லையென்றால் இழுப்பதற்கு எதுவும் இல்லை. 1931-இல் கலிஃபோர்னியாவில் சாமுவேல் கிஸ்ட்லர் செய்தது இதைத்தான். ஜெல்லை அழுத்தக் கலத்துக்குள் வைத்து, உள்ளே இருக்கும் திரவத்தை அதன் மாறுநிலைப் புள்ளிக்கு மேலே கொண்டுபோனார். அங்கே திரவம், ஆவி என்ற எல்லைக்கோடே மறைந்துவிடுகிறது. பிறகு அழுத்தத்தை மெல்லத் திறந்துவிட்டால் வலை அப்படியே நிற்கும், திரவம் இருந்த இடத்தில் காற்று. அதுதான் ஏரோஜெல். எத்தனாலுக்கு அந்தப் புள்ளி சுமார் 241 டிகிரி, அதனால் தீ ஆபத்து உண்டு. இப்போதெல்லாம் எத்தனாலைத் திரவக் கார்பன் டை ஆக்சைடால் மாற்றி, 31 டிகிரிக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோகிறார்கள். நாசாவின் ஸ்டார்டஸ்ட் விண்கலம் 2004-இல் வைல்டு 2 வால்மீனின் தூசியை நொறுங்காமல் பிடித்தது சிலிக்கா ஏரோஜெல் கட்டிகளில்தான். அந்தத் தூசி நொடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதியது. முறையான அழுத்தக் கலமும் பயிற்சி பெற்றவர் துணையும் இல்லாமல் இதை முயலாதீர்கள்.

சரி, உங்கள் சீரோஜெல்லுக்கு வருவோம். மூன்று வாரம் காத்து, வெடிப்பில்லாமல் வந்த துண்டைக் கழுவலாம் என்று தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். காய்ந்த துளைகள் தண்ணீரை ஒரே மூச்சில் உறிஞ்சும், துண்டு படபடவென்று சத்தத்தோடு தெறித்து உடையும். பார்க்க ஆசையாக இருந்தால் முந்தைய தோல்வியில் மிஞ்சிய ஒரு சில்லைப் போட்டுப் பாருங்கள். நல்ல துண்டை மூடிய குப்பிக்குள் வைத்து, தேதியையும் தண்ணீர் விகிதத்தையும் ஜெல் ஆன நேரத்தையும் சீட்டில் எழுதி ஒட்டுங்கள்.